தெரிந்தெடுக்கப்பட்ட மக்களும் தம்பபண்ணிக் கரையும்

புத்தளம் மாவட்டத்தின் வடகோடியிலுள்ள குதிரைமலை முனையில் நிற்பவருக்குக் கடலை நோக்கிச் சரியும் செந்நிற மண்ணே முதலிற் கண்ணிற்படும். விசயனின் தோழர் கையூன்றியபோது உள்ளங்கைகள் செம்புநிறமுற்றமையால் அவ்விடம் தம்பபண்ணி எனப் பெயர்பெற்றது என்னும் மகாவம்சக் கதையை இம்முனையோடு இணைத்துக் கூறுவோர் பலர். இவ்வடையாளம் பற்றி அறிஞரிடையே கருத்தொருமை இல்லை. இங்கு நாம் நோக்குவது கதையின் அமைப்பையே.

புத்தர் பரிநிர்வாணமடைந்த நாளிலேயே விசயன் கரையிறங்கினான் என்றும், இலங்கையிலே தமது சமயம் நிலைபெறவிருப்பதால் அவனையும் அவனது கூட்டத்தாரையும் காக்குமாறு புத்தர் சக்கனைப் பணித்தார் என்றும் அந்நூல் கூறும். எபிரேய மறைநூலில் வரும் தெரிந்தெடுக்கப்பட்ட மக்கள் என்னும் கருத்து உடனே நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் ஒப்புமையைச் சுட்டியதோடு அமைந்துவிடுதல் போதாது.

இஸ்ரவேலர் தெரிந்தெடுக்கப்பட்டமைக்கு அவர்தம் எண்ணிக்கைப் பெருக்கம் காரணமன்று, அவர்கள் மிகச் சிறிய கூட்டத்தினரே என்கிறது உபாகமத்தின் 7ஆம் அதிகாரம். கானானின் ஏழு இனத்தாரையும் அழிக்கப் பணிப்பதும் அதே அதிகாரந்தான்; இதனை மறைத்தல் தகாது. ஆனால் கி.மு. 8ஆம் நூற்றாண்டினரான ஆமோஸ், அத்தெரிவையே தண்டனைக்குரிய காரணமாக்கினார். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து கொணர்ந்தவரே பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொணர்ந்தார் என்றும் அவர் இடித்துரைத்தார். தெரிவுக்கொள்கையின் கண்டனமும் அம்மறைநூலுள்ளேயே இடம்பெற்றுவிட்டது.

மகாவம்சத்தில் அத்தகைய குரல் இல்லை. விசயனுக்குத் துணைநின்ற குவேனி இரு மக்களோடும் துரத்தப்படுகிறாள். ஆபிரகாமின் வீட்டிலிருந்து மகனோடு துரத்தப்பட்ட ஆகாரின் நிலையும் இதுவே. எனினும் பாலைநிலத்தில் அச்சிறுவனின் குரலைக் கடவுள் கேட்டு, அவனையும் ஒரு பெருங்குலமாக்குவதாக வாக்களிக்கிறார். குவேனிக்கு எவ்வாக்கும் இல்லை. தன் இனத்தார் கையாலேயே மடிகிறாள். மறுபுறம், விசயனுக்குப் பாண்டிய இளவரசியும், தோழர்க்கு மணமகளிரும், பதினெண் தொழிற்குழுக்களைச் சேர்ந்த 1,000 குடும்பங்களும் மதுரையிலிருந்து வந்தமையை அந்நூலே பதிவுசெய்கின்றது. தூய குருதி என்பதை மகாவம்சத்தில் தேடுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர் போலும்!

சிங்களர் என்னும் பெயர் தொடக்கத்தில் அரச மரபையே சுட்டிப் பின்னரே படிப்படியாக ஏனையோரையும் தழுவியது என ஆர்.ஏ.எல்.எச். குணவர்தன 1979இல் விளக்கினார். ஆரியர் என்னும் இனக்கோட்பாடு அதனோடு இணைந்தமை 19ஆம் நூற்றாண்டின் விளைவு.

இக்கரையின் சமூக வரலாறும் தூய இனம் என்பதற்கு இடங்கொடுப்பதாயில்லை. முக்குவர், முஸ்லிம்கள், கத்தோலிக்க மீனவர் ஆகியோர் நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்தனர். சிலாபப் பகுதியில் தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல 20ஆம் நூற்றாண்டிலே சிங்களம் பேசுவோராயின. மதம் மாறவில்லை, தொழில் மாறவில்லை. இனம் மட்டும் மாறியது.

தெரிவு மனப்பான்மை சிங்களருக்கே உரிய நோய் என நாம் கருதின், அது எம்மை நாமே ஏமாற்றுவதாகும். 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோரை அவர்தம் ஊர்களினின்றும் வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோரின் தாய்மொழியும் தமிழே. மன்னார்ப் பகுதியினர் பலர் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினர். மன்னாரிலிருந்து கற்பிட்டி செல்லும் கடல்வழி குதிரைமலை முனையைக் கடந்தே செல்கின்றது.