காற்றுக்குப் போட்ட கடிவாளம்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளைப் பார்த்தவர்களுக்குச் 'சோலனாய்டு வால்வு' என்ற பெயர் புதிதன்று. குழாய்களில் நீராவியையும் தண்ணீரையும் காற்றையும் திறந்து மூடும் கருவி அது. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் 'டக்' என்று ஓர் ஒலி, வழி திறக்கும். மின்சாரம் நின்றதும் மூடிக்கொள்ளும்.

இதே வகையைச் சேர்ந்த, உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வு, டர்போ பொருத்திய பல கார்களின் எஞ்சினிலும் இருக்கிறது. அது பழுதானால் வண்டி மேட்டில் இழுக்காது. எச்சரிக்கை விளக்கு எரியும். 'டர்போவே போய்விட்டது' என்று எண்ணிப் பெருந்தொகை செலவழிப்பவர்களும் உண்டு. இந்தச் சிறு கருவி பிறந்த வரலாற்றை அறிந்தால், பழுதை எங்கே தேடுவது என்பதும் விளங்கிவிடும். எப்படி என்று பார்ப்போமா?

எஞ்சின் எரிக்கக்கூடிய எரிபொருளின் அளவை நிர்ணயிப்பது, அதனுள் செல்லும் காற்றின் அளவே. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெப்பமாக வெளியேறி வீணாகிறது. வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சுழலியைச் சுற்றவைத்து, அதன் மறுமுனையில் உள்ள விசிறியால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்பினால் என்ன? இந்த எண்ணத்துக்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். அது நடைமுறையில் வெற்றி பெற இருபது ஆண்டுகள் ஆயின. 1920-களின் இடைப்பகுதியில் இரண்டு ஜெர்மானியக் கப்பல்களின் டீசல் எஞ்சின்கள் இம்முறையால் 1750 குதிரைத்திறனிலிருந்து 2500 குதிரைத்திறனுக்கு உயர்ந்தன.

இதற்கிடையே விமானிகளுக்கும் இது தேவைப்பட்டது. உயரே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைகிறது. எஞ்சினின் திறனும் குறைகிறது. 1918-இல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ், ஒரு விமான எஞ்சினை ஏறத்தாழ 4300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஏற்றிச் சென்று சோதித்தார். தரைமட்டத்தில் சுமார் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், உச்சியில் சுமார் 230 மட்டுமே தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356 தந்தது!

இவ்வளவு நல்ல கருவி, காருக்கு வர ஏன் இத்தனை காலம் ஆயிற்று? இங்கேதான் இயற்பியல் வருகிறது. புகை மிகுந்தால் சுழலி வேகமாகச் சுற்றும், காற்று மிகும், எரிபொருள் மிகும், அதனால் புகை இன்னும் மிகும். விளைவே காரணத்தை வளர்க்கும் இத்தகைய இயக்கத்தைத் தானாக விட்டால் அது தன்னையே அழித்துக்கொள்ளும். கார் டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. அழுத்தம் அளவு மீறினால் பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் முறைகேடாக வெடித்து, பிஸ்டனையே சிதைத்துவிடும். ஆகவே ஆற்றலைப் பெறுவதைவிட, அதை அடக்குவதே கடினமாயிற்று.

அடக்கும் வழியை நீராவி எஞ்சின் காலத்திலேயே மனிதன் கண்டிருந்தான். 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் எஞ்சினில், வேகம் கூடினால் நீராவியைத் தானே குறைக்கும் சுழல்குண்டு அமைப்பைப் பொருத்தினார். அத்தகைய கருவிகளின் கணிதத்தை 1868-இல் மாக்ஸ்வெல் ஆராய்ந்தார். டர்போவில் அந்த வேலையைச் செய்வது 'வேஸ்ட்கேட்' எனப்படும் சிறு கதவு. காற்றழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் அது ஒரு சவ்வைத் தள்ளும். சவ்வு வில்கம்பியை எதிர்த்து நகர்ந்து கதவைத் திறக்கும். புகையில் ஒரு பகுதி சுழலியைத் தொடாமலே வெளியேறிவிடும்.

1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் கார் டர்போவுடன் வெளிவந்தது. முறைகேடான வெடிப்பைத் தடுக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உரிமையாளர் அவ்வப்போது ஊற்ற வேண்டும். பலர் ஊற்றவில்லை, அடுத்த ஆண்டோடு உற்பத்தி நின்றது. 1977-இல் ஸ்வீடன் நாட்டின் ஸாப் நிறுவனம் காட்சிக்கு வைத்த '99 டர்போ', வேஸ்ட்கேட்டை நம்பி அன்றாடப் பயணத்துக்கு ஏற்றதாக அமைந்தது.

ஆனால் வில்கம்பிக்கு ஒரே ஓர் எல்லைதான் தெரியும். பெட்ரோலின் தரமோ எஞ்சினின் சூடோ அதற்குத் தெரியாது. 1980-களின் தொடக்கத்தில் ஸாப் பொறியாளர்கள் சவ்வுக்குச் செல்லும் காற்றுக்குழாயின் இடையில் ஒரு சோலனாய்டு வால்வை வைத்தார்கள். வெடிப்பின் அதிர்வை ஓர் உணர்கருவி கண்டறியும். மின்னணுப் பெட்டி வால்வை இயக்கும். சவ்வை அடையும் அழுத்தம் மாறும். சோலனாய்டு என்பது நம் பாடநூலில் உள்ள வரிச்சுருளே. 1820-இல் ஆர்ஸ்டெட் மின்னோட்டத்தின் காந்த விளைவைக் கண்டார். அதைத் தொடர்ந்து ஆராய்ந்த ஆம்பியர் இந்தச் சுருளுக்குப் பெயரும் சூட்டினார்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். முதலில் காற்று, பிறகு வில்கம்பி, கடைசியாக மின்சுருள் என்று மூன்று படிகளில் வளர்ந்த கருவி இது. பல பெட்ரோல் கார்களில் சுருள் அறுந்தால் காற்றழுத்தம் முழுவதும் நேரே சவ்வைச் சேர்கிறது. வில்கம்பி அனுமதிக்கும் குறைந்த அழுத்தத்திலேயே கதவு திறந்துவிடுகிறது. அதாவது, வண்டி 1977-ஆம் ஆண்டுக்குத் திரும்பிவிடுகிறது! டர்போ சாகவில்லை, கடைசிப் படி மட்டும் உடைந்திருக்கிறது. பல டீசல் வண்டிகளில் அழுத்தத்துக்குப் பதிலாக வெற்றிடம் இந்தச் சவ்வை இயக்கும். அங்கேயும் சுருள் பழுதானால் டர்போவின் அழுத்தம் குறையும்.

சோதிக்கும் முறையும் இந்தப் படிகளின் வழியே செல்ல வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு முதலில் காற்றுவழியைப் பாருங்கள். ரப்பர்க் குழாய் வெடித்திருக்கிறதா? காற்று வடிகட்டியில் பஞ்சுத் தூசு அடைத்திருக்கிறதா? அடுத்து, வேஸ்ட்கேட்டின் தண்டு இறுகிப்போகாமல் அசைகிறதா? பிறகே மின்சுருள். பாட்டரி இணைப்பைக் கழற்றி, வால்வின் மின்செருகியை எடுத்து, மல்டிமீட்டரால் தடையை அளந்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். தடை 25 ஓம் என்று கொண்டால், 12 வோல்ட்டில் ஓம் விதிப்படி ஏறத்தாழ அரை ஆம்பியர் பாயும். மீட்டர் முடிவிலியைக் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. தடை சரியாக இருந்தும் வால்வு இயங்காவிட்டால், அது எண்ணெய்ப் பிசுக்கால் ஒட்டியிருக்கலாம்.

புதிய வால்வு அதே பாக எண் கொண்டதாக இருக்க வேண்டும். பழையதைக் கழற்றுமுன் ஒவ்வொரு குழாய்க்கும் அடையாளம் இடுங்கள். குழாய்கள் இடம் மாறினால் வேஸ்ட்கேட் திறக்காமலே போகலாம். அப்போது சிறு பழுது பெரும் நாசமாகும். மாற்றியபின் கணினியில் பதிவான பிழைக் குறிப்பையும் நீக்க வேண்டும்.

இப்படிக் கழற்றிப் பார்த்துக் கற்பது நம் பகுதிக்குப் புதிதா? கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். பாகம் பாகமாகப் பிரித்து மீண்டும் பூட்டினார். பின்னர் திருப்பூரில் பருத்தித் தொழில் நடத்திய அவர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். பட்டம் பெறாத அந்த மனிதரைப் பொறியியல் மேதையாக்கியது, 'இது ஏன் இப்படி இயங்குகிறது?' என்ற கேள்வியே.

மாணவர்களே, வரிச்சுருளைப் பற்றி மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் ஓடாத வண்டியின் முன் நிற்கும்போது, அந்தச் சுருள் எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்று தெரிந்தவர்தான் சரியான இடத்தில் கை வைப்பார்.