ஒரு போரும் மூன்று நினைவுகளும்

ஐக்கிய அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய மூன்று நாடுகளும் பெரும்பான்மையோர் பேசும் மொழியாலும் சட்ட மரபாலும் தம்முட் பிணைப்புண்டவை. இரு உலகப் போர்களிலும் ஈற்றில் ஒரே அணியில் நின்றவை. ஆகவே இவற்றிடையே நிலவும் நட்பு இயல்பானது எனக் கொள்வது பொதுவழக்காகும். அமெரிக்கரின் ஆரவாரத்தைக் கனடியர் கேலி செய்வதும், கனடியரின் பணிவை அமெரிக்கர் நகையாடுவதும், இருவரையும் பிரித்தானியர் புன்முறுவலோடு நோக்குவதும் உறவினரிடையே நிகழும் செல்லச் சண்டையெனவே கருதப்படுகின்றன. ஆயின், ஒரே மொழியும் ஒரே மரபும் இந்நாடுகளைப் போரிலிருந்து காத்துவிடவில்லை என்பதே வரலாறு காட்டும் உண்மை. பகைமை போட்டியாகவும், போட்டி கேலியாகவும் மாறியது எவ்வாறு என்பது ஆராயத்தக்கது.

இப்பிணக்கின் வேர் அமெரிக்கப் புரட்சியிலேயே ஊன்றப்பட்டது. 1775ஆம் ஆண்டின் இறுதி நாளன்று புரட்சிப் படையினர் கியூபெக் நகரைத் தாக்கித் தோல்வியுற்றனர். அவர்தம் தளபதி மொன்ற்கொமரி அங்கேயே மாண்டார். 1783இல் பாரிஸ் உடன்படிக்கை கைச்சாத்தானபோது, முடிக்கு விசுவாசமாக நின்ற பல்லாயிரவர் புதிய குடியரசில் வாழ இயலாதவராயினர். நிலபுலங்களை இழந்த அவர்களுள் 40,000க்கு மேற்பட்டோர் வடக்கே சென்று குடியேறினர். அவர்கள் பொருட்டு 1784இல் நியூ பிரன்ஸ்விக் மாகாணமும், 1791இல் மேற்கனடா மாகாணமும் வகுக்கப்பட்டன. எனவே ஆங்கிலம் பேசும் கனடாவின் அடித்தளத்திற் பெரும்பகுதி அகதிகளால் இடப்பட்டது எனலாம். தெற்கே ‘விடுதலை’ எனப்பட்டதே வடக்கே ‘வெளியேற்றம்’ என நினைவுகூரப்பட்டது.

நெப்போலியனோடு பொருதிக்கொண்டிருந்த பிரித்தானியா, நடுநிலை நாடுகளின் வணிகத்தைக் கட்டுப்படுத்தியதோடு, அமெரிக்கக் கப்பல்களை மறித்து ஆயிரக்கணக்கான மாலுமிகளைத் தன் கடற்படைக்குப் பலவந்தமாகக் கொண்டுசென்றது. மேற்கு எல்லையில் சுதேச மக்களின் எதிர்ப்புக்கும் பிரித்தானியரே காரணர் என அமெரிக்கர் குற்றஞ்சாட்டினர். 1812 யூன் 18ஆம் நாள் அமெரிக்கா போர்ப் பிரகடனஞ் செய்தது. வணிகக் கட்டுப்பாட்டுக் கட்டளைகளைப் பிரித்தானியா நீக்கியது அதற்கு ஐந்து நாட்களின் பின்னரேயாகும். செய்தி கடல் கடக்கப் பல வாரங்கள் செல்லும் அக்காலத்தில், முதன்மையான காரணங்களுள் ஒன்று நீங்கிய பின்னரே படைகள் மோதின.

அந்நாளில் அமெரிக்காவின் குடித்தொகை ஏறத்தாழ 75 இலட்சம். பிரித்தானிய வட அமெரிக்காவினது ஏறத்தாழ 5 இலட்சம். கனடாவைக் கைப்பற்ற நடந்து சென்றாலே போதும் என்ற எண்ணம் அமெரிக்கத் தலைவர்களிடையே இருந்ததில் வியப்பில்லை. ஆனால் 1812 ஓகஸ்டில் டிற்றொயிற் கோட்டை, பிரித்தானியத் தளபதி ஐசக் புறொக்கிடமும் ஷோனி இனத் தலைவர் தெகும்சேயிடமும் பெருஞ்சமரின்றியே வீழ்ந்தது. ஒக்ரோபரில் குவீன்ஸ்ரன் மேட்டில் புறொக் வீரமரணமெய்தினார். எனினும் வெற்றி அவர்தம் படைக்கே கிட்டியது. 1813 ஏப்ரலில் அமெரிக்கர், இன்று ரொறன்ரோ என வழங்கும் யோர்க் நகரைக் கைப்பற்றினர். அங்கிருந்த பாராளுமன்றக் கட்டடங்கள் தீக்கிரையாயின. சபையின் செங்கோலும் கொள்ளைப் பொருளாயிற்று. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் நாள் பிரித்தானியப் படை வாஷிங்டனுட் புகுந்து வெள்ளை மாளிகையையும் சட்டசபைக் கட்டடத்தையும் எரித்தது. 1814 டிசெம்பர் 24ஆம் நாள் கென்ற் நகரில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. போருக்கு முன் எவ்வெல்லை இருந்ததோ அவ்வெல்லையே மீண்டும் நிலைநாட்டப்பட்டது. இச்செய்தி எட்டுமுன்னரே, 1815 சனவரி 8ஆம் நாள் நியூ ஓர்லியன்சில் அமெரிக்கர் பெருவெற்றி ஈட்டினர்.

இவ்வொரு போரை மூன்று நாடுகளும் மூவகையாக நினைவிற் கொண்டன. அமெரிக்கருக்கு அது இரண்டாம் விடுதலைப் போர். போல்ரிமோர்த் துறைமுகக் கோட்டை குண்டுவீச்சுக்கு அசையாது நின்றமையைப் பாடிய கவிதையே 1931இல் அவர்தம் தேசிய கீதமாகச் சட்டமாக்கப்பட்டது. கனடியருக்கு அது படையெடுத்து வந்த பேரயலானைத் தடுத்து நிறுத்திய காவியம். புறொக்கும், எதிரியின் வருகையை அறிவிக்கக் காடு கடந்து நடந்த லோரா சீக்கோட் அம்மையாரும் அதன் நாயகர். பிரித்தானியருக்கோ, வாட்டர்லூவின் பேரொளியில் இப்போர் கண்ணுக்கே புலப்படாது போயிற்று. வெள்ளை மாளிகையை எரித்தவர் தாமே எனக் கனடியர் இன்றும் வேடிக்கையாகப் பெருமை கொள்வதுண்டு. உண்மையில் அதை எரித்தது கடல்வழி வந்த பிரித்தானியப் படையே. வெற்றி தோல்வி தெளிவுறாமல் முடிந்தமையால் ஒவ்வொருவரும் தாமே வென்றதாகக் கூறிக்கொள்ள இடமிருந்தது. ஒருவர் மானத்தை ஒருவர் அழிக்காத இம்முடிவே பிற்கால நட்புக்கு முதற்படி என்பது மிகையாகாது.

தோற்றவர் எவருமிலர் என்ற கூற்றுக்கு ஒரு பெரும் விலக்குண்டு. மேற்கு நிலங்களைக் காக்கச் சுதேச இனங்களை ஓரணியில் திரட்டிய தெகும்சே 1813 ஒக்ரோபரில் தேம்ஸ் ஆற்றங்கரைப் போரில் வீழ்ந்தார். சுதேச மக்களுக்கென ஒரு தனி ஆள்புலம் வேண்டுமெனக் கென்றில் முதலிற் கோரிய பிரித்தானியா, பின்னர் அக்கோரிக்கையைக் கைவிட்டது. அவர்கள் உரிமைகளை மீளளிப்பதாகக் கூறிய ஒன்பதாம் உறுப்புரை ஏட்டளவிலேயே நின்றது. 1830இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் வழி அவ்வினங்கள் மிசிசிப்பிக்கு அப்பால் அகற்றப்பட்டன. பேச்சுவார்த்தை மேசையில் இடம்பெறாதோரின் மனக்குறை கேலியாக மாறுவதில்லை. அது காயமாகவே எஞ்சுகின்றது.

அக்கால ஆங்கில – அமெரிக்க ஐயுறவின் நிழல் இலங்கையிலும் படிந்தது. 1812இல் கல்கத்தா வந்த அமெரிக்க மிஷனரிமாரைக் கிழக்கிந்தியக் கம்பனி வெளியேறப் பணித்தது. அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கையை அடைந்தார். 1816இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் பணி தொடங்கவும், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றவும் இவ்வருகை வழிகோலியது. எனினும் 1820இல் அச்சியந்திரத்தோடு வந்த அமெரிக்க அச்சுத் தொழிலாளரை ஆங்கில ஆட்சி இங்கு தங்கவிடவில்லை. புதிய அமெரிக்க மிஷனரிமார் வருவதற்கிருந்த தடை 1830களிலேயே தளர்ந்தது.

வட அமெரிக்காவில் மாற்றம் ஏரிகளிலிருந்து தொடங்கிற்று. போரின் இறுதியில் பிரித்தானியர் கிங்ஸ்ரனில் நூற்றுக்கு மேற்பட்ட பீரங்கிகளைத் தாங்கிய பெருங்கப்பலொன்றை ஒன்ராறியோ ஏரிக்கென்றே கட்டி மிதக்கவிட்டிருந்தனர். இத்தகைய போட்டி இரு கருவூலங்களையும் வறிதாக்கும் என்பது இரு பாலாருக்கும் தெளிவாயிற்று. 1817இன் ரஷ் – பகட் உடன்பாட்டின்படி ஒன்ராறியோ ஏரியில் ஒன்று, மேலேரிகளில் இரண்டு, சம்பிளேன் ஏரியில் ஒன்று என, நூறு தொன்னுக்கு மேற்படாததும் ஒரே பீரங்கி தாங்கியதுமான சிறு கலங்களே ஒவ்வொரு தரப்புக்கும் அனுமதிக்கப்பட்டன. ஐயம் உடனே அகன்றுவிடவில்லை. 1832இல் நிறைவுற்ற றிடோ கால்வாய், எல்லையாற்றைத் தவிர்த்துப் படைக்கலங்களைக் கொண்டுசெல்லவே வெட்டப்பட்டது. ஆயினும் ஏரிகளில் மீண்டும் போர் மூளவில்லை.

அடுத்த படி மத்தியஸ்தமாகும். 1859இல் பசுபிக் கரையிலுள்ள சான் ஜுவான் தீவில், அமெரிக்கக் குடியேறி ஒருவர் ஹட்சன் குடாக் கம்பனியின் பன்றியொன்றைச் சுட்டுக்கொல்ல, இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றன. பன்றியைத் தவிர வேறுயிர் போகவில்லை. தீவு கூட்டாகக் காவல் செய்யப்பட்டு, ஈற்றில் 1872இல் ஜெர்மன் பேரரசர் அளித்த தீர்ப்பின்படி அமெரிக்காவுக்குச் சென்றது. அதே ஆண்டு ஜெனீவாவில் மற்றொரு பெருவழக்கு முடிவுற்றது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் பேர்கன்ஹெட் துறையிற் கட்டப்பட்ட ‘அலபாமா’ என்ற கப்பல், தென்னவர் சார்பில் அறுபதுக்கு மேற்பட்ட வடபுலக் கப்பல்களை அழித்தோ கைப்பற்றியோ இருந்தது. நட்ட ஈடாகக் கனடாவையே தருக என்னுங் குரலும் அமெரிக்காவில் எழுந்தது. ஐவர் கொண்ட நடுவர் மன்றம் 155 இலட்சம் டொலர் விதிக்க, உலகின் தலையாய கடற்பேரரசு அதனை மறுக்காது செலுத்தியது. வல்லமை மிக்கோர் தீர்ப்புக்குப் பணிந்தமை மானக்கேடாகாது, நிலைத்த நட்புக்கு ஈடாக அமைந்தது.

இந்நட்பின் செலவிற் பெரும்பங்கைச் சுமந்தது கனடாவே. எல்லைக்கப்பால் நின்ற பெரும்படையின் அச்சமும், 1866இல் அயர்லாந்துப் போராளிகளான பீனியர் நடத்திய ஊடுருவல்களும் 1867இன் சமஷ்டியைத் துரிதப்படுத்தின. 1871இல் வாஷிங்டனில் நடந்த பேச்சுவார்த்தையிற் கனடியப் பிரதமர் ஜோன் மக்டொனல்ட் பிரித்தானியத் தூதுக்குழுவின் ஓர் உறுப்பினராகவே அமர்ந்தார். கனடாவின் மீன்பிடிக் கடல் அமெரிக்கருக்குத் திறக்கப்பட்டது. பீனியர் செய்த அழிவுக்கான ஈடு ஆராயப்படவேயில்லை. 1903இல் அலாஸ்கா எல்லை பற்றிய அறுவர் மன்றத்தில் அமெரிக்கர் மூவர், கனடியர் இருவர், பிரித்தானியர் ஒருவர் இருந்தனர். பிரித்தானியராகிய அல்வர்ஸ்ரன் பிரபு அமெரிக்கர் பக்கம் சாய்ந்தார். கனடிய உறுப்பினர் இருவரும் தீர்ப்பிற் கையொப்பமிட மறுத்தனர். கனடியரின் சினம் வெற்றியாளர் மீது மட்டுமன்றி, தம்மைக் காக்க வேண்டிய தாய்நாட்டின் மீதும் பாய்ந்தது. தன் சார்பில் தானே பேசவேண்டும் என்ற தெளிவு அதன்பின் வலுத்தது. 1923இல் கனடா அமெரிக்காவோடு முதன்முறையாகத் தனித்துக் கைச்சாத்திட்ட உடன்படிக்கையும் மீன்பிடி பற்றியதே. 1931இன் வெஸ்ற்மின்ஸ்ரர்ச் சட்டம் அத்தன்மையை உறுதிப்படுத்தியது.

1921இல் கனடியப் படை அதிகாரியொருவர் அமெரிக்காவுட் புகும் திட்டமொன்றைத் தீட்டினார். 1930இல் அமெரிக்கப் படைத்துறையும் பிரித்தானியாவை எதிரியாகவும் கனடாவைப் போர்க்களமாகவும் கொண்ட திட்டமொன்றை ஏற்றது. இவை ஏட்டில் உறங்கின. மக்களோ தம் ஐயத்தை வாக்குச்சீட்டிலும் விளையாட்டரங்கிலும் வெளியிட்டனர். அமெரிக்காவோடு வணிக உடன்பாட்டை நாடிய லோரியே 1911இல் ஆட்சியிழந்தார். 1988இல் அதே வினா மீண்டும் எழ, தடையற்ற வணிகத்தை வேண்டிய மல்றோனி வென்றார். குளிர்கால ஹொக்கியோ ஆண்டுதோறும் போர் நிகழ்த்தி, எவரையும் சாகவிடாது முடித்துவைத்தது.

2025ஆம் ஆண்டில் இக்கேலி மீண்டும் கசந்தது. அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப் கனடாவை ஐம்பத்தோராவது மாநிலமாகச் சேர்ப்பது பற்றிப் பன்முறை பேசியதோடு, கனடியப் பொருட்களுக்கு மிகுந்த தீர்வையும் விதித்தார். கனடிய அரங்குகளில் அமெரிக்கக் கீதம் ஒலித்தபோது கூவல் எழுந்தது. பெப்ரவரி 20ஆம் நாள் பொஸ்ரன் நகர ஹொக்கி இறுதியாட்டத்தில் கனடா 3 – 2 என வென்றபோது, அவ்வெற்றி விளையாட்டளவில் நிற்கவில்லை. மே 27ஆம் நாள் மூன்றாம் சார்ள்ஸ் மன்னர் ஒற்றாவா சென்று பாராளுமன்றத்திற் சிம்மாசன உரையை நேரில் வாசித்தார். பழைய முக்கோணம் மீண்டும் புலனாயிற்று.

யோர்க்கிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட செங்கோல் நூற்றிருபத்தோராண்டு அமெரிக்கரிடம் இருந்தது. 1934இல் ரொறன்ரோ தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ற் அதனைத் திருப்பி அனுப்பினார். கொண்டுசென்றதை மறுக்காமலும், மீளக் கொடுப்பதை இழிவெனக் கருதாமலும் செய்த அச்செயலில் இவ்வுறவின் பொருள் முழுதும் அடங்கியுள்ளது. இரத்த உறவோ மொழி உறவோ இந்நாடுகளை நண்பராக்கவில்லை. கப்பலைக் குறைத்தும், தீர்ப்புக்குப் பணிந்தும், ஈடு செலுத்தியும், எல்லையை மதித்தும் அவை நட்பை ஈட்டிக்கொண்டன. அம்மதிப்பு நிலவுங்காலம் மட்டுமே பழைய பகை நகைச்சுவையாக வாழும். அது குன்றின், நகைச்சுவை பழைய பகையாக மீளும்.