குளியலறைத் திரைக்கம்பி

குளியலறைத் திரைக்கம்பி என்பது, ஷவரில் குளிக்கும் இடத்தை அறையின் மற்ற பகுதியிலிருந்து பிரிக்கும் திரையைத் தொங்கவிட இரு சுவர்களுக்கு நடுவே பொருத்தப்படும் குழாய். குழாய், அதன் முனைகளைத் தாங்கும் சுவர்ப்பிடிகள், திரையை மாட்டும் வளையங்கள் ஆகியவை இதன் உறுப்புகள். வாங்குபவர் பார்ப்பது பெரும்பாலும் குழாயின் கனத்தையும் பளபளப்பையும்தான். ஆனால் குழாய் முறிந்து திரை விழுவது அபூர்வம்; சுவரைப் பிடித்திருக்கும் முனை நழுவித்தான் விழுகிறது. எனவே பணத்தையும் கவனத்தையும் சேர்த்துச் செலவிட வேண்டிய இடம் அந்த முனையே.

முனையைச் சுவரில் நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுருள்வில்லோ உட்திருகோ கொண்டு நீண்டு, இரு சுவர்களையும் அழுத்தி நிற்கும் கம்பி. இதைத் தாங்குவது ரப்பர் முனைக்கும் டைலுக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. சோப்புநீர் படியப் படிய அந்த உராய்வு குறையும். இன்னொன்று, துளையிட்டுத் திருகால் முடுக்கும் சுவர்ப்பிடி. அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள் அதிகம். திருகு சட்டத்தில் ஏறாவிட்டால் பலகை மட்டும் அதைப் பிடித்து வைக்காது, தனி நங்கூரம் தேவைப்படும். செங்கல்லில் கட்டிச் சிமெண்ட் பூசிய நம் சுவருக்கு அந்தக் கவலை இல்லை. ஜான் ஜோசப் ராலிங்ஸ் 1911இல் உருவாக்கிய ராவல் பிளக்கும், ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958இல் கொண்டுவந்த பிளாஸ்டிக் பிளக்கும் இத்தகைய கெட்டிச் சுவருக்கென்றே பிறந்தவை. திருகு ஏற ஏற பிளக் விரிந்து துளையின் பக்கங்களை இறுக்கும். இந்தப் பிடி, ஈரத்தில் வழுக்கும் ரப்பரைப் போல நாளடைவில் தளர்வதில்லை.

துளையிட்டால் டைலில் விரிசல் விழும், நீர் உள்ளே இறங்கும் என்பது பலர் சொல்லும் மறுப்பு. பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் விரிசல் விழுவது துளையிடும் முறையால்தான். டைலின் ஓரத்தைத் தவிர்த்து, குறியிட்ட இடத்தில் காகித டேப் ஒட்டி, டைலைக் கடக்கும்வரை டிரில்லின் சுத்தியல் விசையை நிறுத்தி வைத்தால் சாதாரண செராமிக் டைல் தாங்கும். விட்ரிஃபைடு டைலுக்கு வைர முனை பிட் வேண்டும். பிளக்கைச் செருகுமுன் துளையில் கொஞ்சம் சிலிக்கான் வைத்தால் நீர் இறங்கும் வழியும் அடைபடும். உண்மையில் பெரிய ஆபத்து வேறு: சுவருக்குள் ஓடும் குழாய். மிக்ஸரிலிருந்து ஷவருக்கு ஏறும் செங்குத்துக் கோட்டிலும், கீசருக்குப் போகும் குழாய், மின்கம்பிகளின் பாதையிலும் டிரில் வைக்கக் கூடாது. வாடகை வீட்டில் துளையிட முடியாதே என்ற மறுப்புக்கு மட்டும் இடம் கொடுக்கலாம். இடைவெளி குறுகலாகவும் திரை இலேசான பாலியெஸ்டராகவும் இருந்தால் அழுத்தக் கம்பி போதும். நீளம் கூடினால் போதாது. அதே வகைக் குழாயில் அதே துணியை முழு நீளத்துக்கும் தொங்கவிட்டு நீளத்தை இரட்டித்தால் நடுவில் தொய்வு ஏறத்தாழ 16 மடங்காகும்.

எங்கே பொருத்துவது என்பதில் கடைச்சரக்கின் பூர்வீகம் குறுக்கிடுகிறது. 183 செ.மீ. சதுரமான திரையும் அதன் 12 துளைகளும் 152 செ.மீ. நீள அமெரிக்கத் தொட்டியை மனத்தில் வைத்தவை. அங்கே திரையின் அடி தொட்டிக்குள் இறங்கிவிடும். தொட்டி இல்லாத தரையில் திரை தரையிலிருந்து நாலைந்து செ.மீ. மேலே நின்றால் போதும். ஆகவே கம்பியின் உயரத்தை, வளையங்களோடு திரையைத் தொங்கவிட்டு அளந்த பிறகே குறிக்க வேண்டும். அதோடு கம்பி தரையின் வாட்டத்துக்குள் இருக்க வேண்டும். திரையில் வழியும் நீர் வடிகாலை நோக்கி ஓடாவிட்டால் திரை இருந்தும் பயனில்லை. குளிக்கும்போது திரை உள்ளே வந்து உடம்பில் ஒட்டுவதற்கும் விளக்கம் உண்டு. ஷவரின் தூறல் உள்ளே ஒரு காற்றுச் சுழலை உண்டாக்கி, அதன் நடுவில் அழுத்தத்தைக் குறைப்பதே காரணம் என்று மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷ்மிட் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார். 2001இல் அவருக்கு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. வெளிப்புறம் வளைந்த கம்பி இந்தத் தொல்லையை ஓரளவு குறைக்கும்.

இவ்வளவு உறுதியாகப் பொருத்திய கம்பியும் கைப்பிடி ஆகாது. வழுக்கும்போது கை முதலில் எட்டுவது திரையைத்தான். அப்போது கம்பிக்கு வருவது முழு உடலின் விசை. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 2010ஆம் ஆண்டு விதிமுறைப்படி குளியலறைக் கைப்பிடி 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும். சாதாரணத் திரைக்கம்பி அந்தக் கணக்கில் செய்யப்படுவதில்லை. முதியவர் உள்ள வீட்டில், திரைக்கம்பிக்காக டிரில் எடுக்கும் அன்றே இடுப்புயரத்தில் தனிக் கைப்பிடி ஒன்றையும் அதற்கேற்ற பெரிய பிளக்குகளோடு பொருத்திவிட வேண்டும்.