வேகமாக ஓட்டிவிட்ட காட்சிகள்

எங்கள் வீட்டில் 'டெர்மினேட்டர் 2' கேசட் ஓடும்போது ரிமோட் அண்ணன் கையில்தான் இருக்கும். வறண்ட கால்வாய்க்குள் லாரி பாய்ந்து துரத்துகிற காட்சியை மூன்று முறை திருப்பி ஓட்டிப் பார்ப்பான். மனநல மருத்துவமனைக் காட்சி வந்தால் வேகமாக ஓட்டிவிடுவான். "சும்மா பேசிக்கிட்டே இருப்பாங்க" என்பான். எனக்கும் அதில் மறுப்பில்லை. உருகி ஓடி மறுபடி ஆளாக எழுந்து நிற்கும் அந்தத் திரவ உலோகப் போலீஸ்காரனுக்காகத்தான் நானும் காத்திருப்பேன். நாற்பது வயதுக்குப் பிறகு ஓர் இரவு தனியாக உட்கார்ந்து, எதையும் ஓட்டாமல் பார்த்தேன். கதையையே விட்டுவிட்டு மிச்சத்தைப் பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

1984இல் வந்த முதல் படத்தில் சாரா கானர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் உணவகப் பரிமாறுபெண். எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திரம் அவளைக் கொல்லத் துரத்துகிறது. கடைசியில் கர்ப்பிணியாகத் தப்புகிறாள். 1991 ஜூலையில் வந்த இரண்டாம் பாகத்தில் அவள் பெஸ்காடெரோ என்ற அரசு மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருக்கிறாள். மகன் ஜானை அரசு வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டது. 1997 ஆகஸ்ட் 29 அன்று இயந்திரங்கள் அணுப்போரைத் தொடங்கும், முந்நூறு கோடிப் பேர் சாவார்கள் என்று சொல்வதுதான் அவளுடைய நோய். முதல் படத்தைப் பார்த்த நமக்கு அவள் சொல்வது உண்மை என்று தெரியும். மருத்துவமனைக்குள் இருக்கும் ஒருவருக்கும் தெரியாது. சாராவைப் பைத்தியமாக எழுதச் சொன்னது தான்தான் என்று லிண்டா ஹாமில்டனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் சில்பர்மேன் பயிற்சி மருத்துவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் வருகிறார். அறைக்குள் இருப்பவளை வெளியிலிருந்தே அறிமுகப்படுத்துகிறார்: வயது 29, நோயின் பெயர் இது, அறிகுறிகள் இவை. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். 1887இல் ஆந்த்ரே புரூயே வரைந்த ஓர் ஓவியம் நினைவுக்கு வந்தது. பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ, கூடியிருக்கும் ஆண்களுக்கு முன்னால் ஒரு பெண்ணை நிறுத்தி 'ஹிஸ்டீரியா'வை விளக்குகிறார். அவள் பின்பக்கம் சாய்ந்து கிடக்கிறாள். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த நோய்ப்பெயர் அது. நூறு வருடம் கழித்து வந்த ஹாலிவுட் படத்தில் மாறியிருப்பது, கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் வந்திருப்பது மட்டும்தான்.

அடுத்து அண்ணன் முழுசாக ஓட்டிவிட்ட காட்சி. சாரா பணிவாகப் பேசுகிறாள். எனக்குக் குணமாகிவிட்டது, டெர்மினேட்டர் என்று ஒன்றும் இல்லை, என் மகனைப் பார்க்க விடுங்கள். உண்மையை உண்மையில்லை என்று சொன்னால் பிள்ளையைப் பார்க்கலாம் என்பதுதான் பேரம். அதற்கும் அவள் தயாராகிவிட்டாள். நான் கேட்க விரும்புவதைத்தான் நீ சொல்கிறாய் என்று சொல்லி சில்பர்மேன் மறுத்துவிடுகிறார். மாற்றிச் சொல்லாவிட்டால் நோயாளி, மாற்றிச் சொன்னால் தந்திரக்காரி. அவள் மேசைக்கு மேல் பாய்ந்து அவர் கழுத்தைப் பிடிக்கிறாள். அதுவும் அவள் நோய்க்கு இன்னொரு சான்றாகிவிடுகிறது.

இதே அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தில், 1860இல் எலிசபெத் பேக்கர்டை அவருடைய கணவர் மனநலக் காப்பகத்தில் சேர்த்தார். கணவர் பாதிரியார். அவருடைய சமயக் கருத்துகளை எலிசபெத் வெளிப்படையாக மறுத்ததுதான் குற்றம். ஆறு பிள்ளைகளின் தாய். 1851ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனைவியைக் காப்பகத்தில் சேர்க்கக் கணவனின் கோரிக்கையும் காப்பகத் தலைவரின் சம்மதமும் போதும். மற்றவர்களுக்குக் கேட்கப்படும் சான்று மனைவிக்குத் தேவையில்லை. மூன்று வருடம் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் கணவர் அவரை வீட்டு அறையில் பூட்டிவைத்தார். ஜன்னல் வழியாக அவர் வெளியே போட்ட ஒரு கடிதத்தால்தான் விஷயம் நீதிமன்றத்துக்கு வந்தது. 1864 ஜனவரியில் நடுவர் குழு ஏழு நிமிடத்தில் அவர் தெளிவான மனநிலையில் இருப்பதாகத் தீர்ப்பளித்தது. வீடு திரும்பினால் பிள்ளைகளும் பணமும் இல்லை; எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கணவர் மாசசூசெட்ஸ் போய்விட்டார். பிறகு எழுதியும் பேசியும் 1867இல் அந்தச் சட்டத்தை மாற்ற வைத்தவர் எலிசபெத்தான்.

சாராவிடம் இருப்பது ஒரு பேப்பர் கிளிப். போலீஸார் புகைப்படங்களைக் காட்டி விசாரிக்கும்போது, மருந்து மயக்கத்தில் கிடப்பவள் போல உட்கார்ந்தபடி கோப்பிலிருந்து உருவிக்கொள்கிறாள். அதே கிளிப்பால்தான் இரவில் கட்டை அவிழ்க்கிறாள். கட்டிலில் கட்டுண்டு கிடந்தவளின் முகத்தை நக்கிய ஊழியனை முதலில் அடித்துச் சாய்ப்பதும் அப்போதுதான். சிறுவயதில் இந்தத் தப்பித்தல் காட்சி மட்டும் பிடித்திருந்தது. எதிலிருந்து தப்புகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. சில்பர்மேன் எப்போது நம்புகிறார்? உலோக மனிதன் கம்பிக்கதவின் ஊடாக உடம்பை நுழைத்து வருவதைத் தன் கண்ணால் பார்க்கும்போது. அப்போதும் வாய் பிளந்து நிற்கிறாரே தவிர, மன்னிப்பு ஒன்றும் கிடையாது.

படம் வந்த சில மாதங்களில், 1991 அக்டோபரில், அனிதா ஹில் அமெரிக்க செனட்டின் நீதித்துறைக் குழு முன் சாட்சி சொன்னார். பதினான்கு உறுப்பினர்களும் ஆண்கள். அவர் கற்பனை செய்கிறாரோ என்கிற சந்தேகமும் அங்கே கிளப்பப்பட்டது. கிளாரன்ஸ் தாமஸ் 52-48 வாக்குகளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

ஆனாலும் ஜேம்ஸ் கேமரூனின் படத்தைப் பெண்ணியப் படம் என்று கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. பாலைவனத்தில் மகன் இயந்திரத்தோடு விளையாடுவதைப் பார்த்து, இது இவனை அடிக்காது, குடித்துவிட்டுக் கத்தாது, விட்டுவிட்டுப் போகாது, இதைவிட நல்ல அப்பா கிடைக்கமாட்டார் என்று சாரா நினைக்கிறாள். அவள் கண்ட ஆண்களின் பட்டியல் அந்த நான்கு வாக்கியத்தில் இருக்கிறது. சரிதான். ஆனால் தாயாக அவள் என்ன என்பதைப் படம் கேட்பதே இல்லை. அந்த இயந்திரம் கண்ணீரைப் புரிந்துகொள்வதைத்தான் உருக்கமாகக் காட்டுகிறது. ஹைட்ரஜன் குண்டைச் செய்த ஆண்களைப் பற்றி அவள் கோபமாகப் பேசத் தொடங்கும்போது பத்து வயது மகன் இடைமறித்து அம்மாவை அடக்குகிறான். நாமும் சிரிக்கிறோம். அவள் அப்போது திட்டிக்கொண்டிருப்பது ஒரு கறுப்பின விஞ்ஞானியை, அவர் மனைவியின் முன்னாலேயே, அவரைச் சுட்ட பிறகு. அந்த மனைவிக்குப் படத்தில் பேச அதிகம் இல்லை.

எடுத்துவிட்டு, வெளியீட்டில் சேர்க்காமல் விட்ட ஒரு முடிவும் உண்டு. போர் வரவில்லை. வயதான சாரா பூங்காவில் உட்கார்ந்து பேத்தியின் ஷூ கயிற்றைக் கட்டிவிடுகிறாள். இனிப்பான முடிவு என்று அதை ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சம் கசந்தது. அவள் சொன்ன நாள் வந்து, ஒன்றும் நடக்காமல் போயிருக்கிறது. நடக்காமல் தடுத்தவள் அவள்தான் என்பதைக் காட்ட ஒரு துண்டு உலோகம்கூட மிச்சமில்லை. எல்லாம் உலையில் உருகிவிட்டது. பெஸ்காடெரோ கோப்பில் அவள் பெயருக்கு நேராக எழுதிய நோய் அப்படியே இருக்கும்.