எரியாமல் எஞ்சிய படங்கள்



ஒரு படத்தைப் பார்க்க வேண்டுமாயின் அது நம்மூருக்கு வரும்வரை காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. எந்தப் படத்தைக் கொண்டுவருவது, எத்தனை நாள் ஓட்டுவது என்பதெல்லாம் படமாளிகை முதலாளியின் முடிபு. கலரியில் இருந்தாலும் பல்கனியில் இருந்தாலும் நாம் பார்த்தது அவர் தெரிந்தெடுத்த படத்தையே. இன்றோ மாதச் சந்தா ஒன்றைச் செலுத்தினால் ஆயிரக்கணக்கான படங்கள் வீட்டுத் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் வந்து வரிசையாய் நிற்கின்றன. தெரிவு நம் கைக்கு வந்துவிட்டது. வந்த பின்னரே அதன் பாரம் தெரிகிறது. எதைப் பார்ப்பதென்று தேடித் தேடி ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, ஒன்றையும் பாராமலே உறங்கச் செல்லும் குடும்பங்கள் உண்டு.

மாணவரும் பெற்றோரும் எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று என்னைக் கேட்பதுண்டு. சிறந்த பத்து, சிறந்த நூறு என நிரல் போட்டுத் தருவோர் பலர் இருக்கின்றனர். அந்தப் பணியை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். சில படங்கள் நம்மிடம் வந்து சேர்ந்த வரலாற்றை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன். அந்த வரலாறு படக் கதைகளுக்குச் சுவையிற் குறைந்ததன்று.

முதலில் இந்த வீட்டுச் சேவையைப் பற்றி ஒரு வார்த்தை. இவற்றுள் பெயர் பெற்ற நெற்பிளிக்ஸ் நிறுவனம் 1997 ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலே தோன்றியது. மறு ஆண்டு முதல் படத்தட்டுக்களை அஞ்சலில் அனுப்பி வாடகை பெற்றது. 2007 இல் இணையவழியே படங்களை ஓடவிடத் தொடங்கியது. 2016 சனவரியில் ஒரே நாளிலே நூற்றுமுப்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு விரிந்தபோது இலங்கையும் அவற்றுள் ஒன்றாயிற்று. தபாலில் தட்டனுப்பும் பழைய வியாபாரத்தை 2023 இல் அது அடியோடு நிறுத்திவிட்டது. தட்டுக்களாய் இருந்த பழைய படங்களிற் பல இணைய நிரலில் இடம்பெறவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்க.

அந்த நிரலைக் காணும் ஒருவர் உலகிலே எடுக்கப்பட்ட படங்கள் யாவும் இங்கே இருக்கின்றன என்று எண்ணக்கூடும். உண்மை வேறு. நாம் காண்பது எரிந்துபோன ஒரு பெரும் நூல்நிலையத்தில் எஞ்சிய சில அலமாரிகளையே. 1895 டிசம்பர் 28 ஆம் நாள் பாரிசு நகரத்துக் கிராண்ட் கபே என்னும் விடுதியிலே லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுச் சலனப்படம் காட்டிய நாள் தொட்டு, ஏறக்குறைய 1950 வரை, படங்கள் நைத்திரேற்றுச் சுருளிலேயே பதியப்பட்டன. வெடிபஞ்சுக்கு உறவுடைய பொருள் அது. எரியும்போது தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே விளைப்பதால், பற்றிய தீயை நீரில் அமிழ்த்தியும் அணைக்க இயலாது. எரியாத சுருள்களோ இறுகிப் பொடியாயின. ஓட்டம் முடிந்த படத்துக்குப் பெறுமதி இல்லை என்று கருதி, சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அழித்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் யூனிவேர்சல் நிறுவனம் தன்னிடம் எஞ்சியிருந்த மௌனப் படங்களை 1948 இல் தானே அழித்தது. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 1912 முதல் 1929 வரை தயாரிக்கப்பட்ட ஏறக்குறையப் பதினோராயிரம் மௌன முழுநீளப் படங்களுள் மூல வடிவிலே எஞ்சியவை நூற்றுக்குப் பதினான்கே.

தமிழருக்கு இந்நிலை புதிதன்று. செல்லரித்த ஏடுகளை ஊரூராய்த் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். படச்சுருளுக்கும் அத்தகைய பதிப்பாசிரியர்கள் தோன்றினர் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

டென்மார்க்கு நாட்டவரான கார்ல் டிரையர் பிரான்சிலே எடுத்த படம் ‘யோன் ஒவ் ஆர்க்கின் பாடுகள்’. 1928 இல் வெளிவந்தது. பிரெஞ்சு விடுதலைக்காகப் போர் புரிந்த அந்த இளம் பெண்ணை விசாரித்து எரித்த கதையை, பெரும்பாலும் முகங்களை மட்டுமே அணித்தே காட்டி அவர் சொன்னார். அப்பெண்ணாய்த் தோன்றிய பல்கொனெற்றி என்னும் நடிகையின் முகத்தை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை. எரிக்கப்பட்டவளின் கதையைச் சொன்ன அப்படமும் எரிந்தது. அவ்வாண்டு டிசம்பரிலே பேர்லின் நகரில் மூலச்சுருள் தீக்கிரையாயிற்று. டிரையர் மனந்தளராது, ஒதுக்கி வைத்திருந்த மிகுதிக் காட்சிகளைக் கோத்து இரண்டாம் மூலம் ஒன்றை அமைத்தார்; 1929 இல் அதுவும் தீயில் அழிந்தது. அரைநூற்றாண்டு காலம் உலகம் பார்த்தவையெல்லாம் குறைப்பட்ட பிரதிகளே. டிரையர் 1968 இல் காலமானார். 1981 ஆம் ஆண்டு, நோர்வேயின் ஒஸ்லோ நகருக்கு அண்மையிலுள்ள மனநோய் மருத்துவமனை ஒன்றின் அலமாரியிலே சில தகரப் பெட்டிகள் கிடைத்தன. தணிக்கையாளர் கைபடுமுன் டிரையர் அமைத்தவாறே அமைந்த பிரதி அவற்றினுள் இருந்தது. அது மருத்துவமனைக்கு ஏன் வந்ததென்பதற்கு உறுதியான விடை இல்லை.

பிரிட்ஸ் லாங் என்பவரின் ‘மெற்றோபொலிஸ்’ இன்னொன்று. 1927 சனவரியில் பேர்லினிலே இரண்டரை மணி நேரப் படமாய் அரங்கேறி, விரைவில் வணிகர்களால் வெட்டப்பட்டது. வெட்டுண்ட பகுதிகள் அழிந்தன என்றே எல்லாரும் கருதியிருக்க, 2008 இல் ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரத்துப் பட நூதனசாலையிலே கீறல் விழுந்த பிரதி ஒன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடக் காட்சிகள் அதனால் மீண்டன. மீட்டமைத்த படத்தைப் பார்ப்போர் அக்கீறல்களையும் காண்பர். அவற்றை முழுதும் துடைத்துவிடாமல் விட்டதே நல்லதென்பது என் எண்ணம். எந்தப் பகுதி எங்கிருந்து வந்ததென்பதைக் கீறலே சொல்லுகிறது.

இனி நமக்கு அணித்தான ஒன்றைச் சொல்லுகிறேன். 1950 ஆம் ஆண்டு கல்கத்தாவின் விளம்பர நிறுவனமொன்றிலே சித்திரக்காரராய்ப் பணியாற்றிய சத்யஜித் ராய், தொழிலின் பொருட்டு இலண்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த சில மாதங்களிலே ஏறக்குறைய நூறு படங்களை அவர் பார்த்தார். அவற்றுள் ஒன்று 1948 இல் வெளிவந்த ‘சைக்கிள் திருடர்கள்’ என்னும் இத்தாலியப் படம். போருக்குப் பிந்திய றோமாபுரியிலே வேலையற்ற ஒருவன், சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் வேண்டுமென்பதால், வீட்டுப் படுக்கை விரிப்புக்களை அடைவு வைத்துத் தன் சைக்கிளை மீட்கிறான். வேலையின் முதல் நாளே அது களவு போகிறது. தந்தையும் சிறுவனான மகனும் நகரெங்கும் தேடி அலைவதே கதை. நெறியாளர் டி சீக்கா நட்சத்திர நடிகரைத் தேடவில்லை. தந்தையாக நடித்தவர் மெய்யாகவே ஓர் ஆலைத் தொழிலாளி. இவ்வாறுதான் படமெடுக்க வேண்டும் என்ற முடிபோடு ராய் ஊர் திரும்பினார்.

விபூதிபூஷண் வந்தியோபாத்தியாயரின் வங்க நாவலான ‘பதேர் பாஞ்சாலி’யை அவர் எடுத்துக்கொண்டார். 1952 ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, வெண்மையாய்ப் பூத்த நாணற்புல் வெளியிலே, அப்புவும் அவன் தமக்கை துர்க்காவும் புகைவண்டியைக் காணும் காட்சியைப் படம்பிடிக்கத் தொடங்கினர். அடுத்த ஞாயிறு சென்று பார்த்தால் பூவெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டன. அவை மறுபடி பூக்க ஓராண்டு காத்திருந்தார்கள்! படப்பிடிப்பாளர் சுப்ரதா மித்திரா இருபத்தோரு வயதினர்; முன்னர் சலனப்படக் கமராவைக் கையாண்டவரல்லர். முதிய அத்தையாக நடித்த சுனிபாலா தேவியோ எண்பது வயதளவிலிருந்த பழைய மேடை நடிகை. ராயின் ஆயுட்காப்புறுதிப் பணமும் மனைவியின் நகையும் கரைந்தபின், மேற்கு வங்க அரசாங்கம் உதவ முன்வந்தது. படத்தின் பெயரில் ‘பாதை’ என்னும் சொல் இருந்தமையால், அப்பணம் வீதித் திருத்தக் கணக்கிலே எழுதப்பட்டது. அரசாங்கக் கணக்கேடுகளோடு பழகிய எனக்கு இது வியப்பைத் தரவில்லை. எந்த வீதிக்குச் செலவிட்ட பணமும் இத்துணைத் தொலைவுக்கு மக்களைக் கொண்டுசென்றதில்லை. 1955 இல் வெளிவந்த படம், மறு ஆண்டு கான் விழாவிலே சிறந்த மானிட ஆவணமெனப் பரிசு பெற்றது.

ராய் 1992 ஏப்பிரலில் மறைந்தார். அப்பு வரலாற்றைச் சொல்லும் மூன்று படங்களின் மூலச்சுருள்களும் செப்பனிடுவதற்காக இலண்டனிலுள்ள ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பப்பட்டன. 1993 யூலையில் அங்கே தீப்பிடித்தது. உருகியும் வளைந்தும் கருகியும் எஞ்சியவற்றைக் குப்பையிற் கொட்டுவதே எவர்க்கும் தோன்றியிருக்கும். அமெரிக்கத் திரைப்படக் கலைக்கழகத்தின் காப்பகம் அவற்றைப் பெட்டியிலிட்டுப் பேணி வைத்தது. இருபது ஆண்டுகள் கழிந்தபின் இத்தாலியின் பொலோனா நகரத்து வல்லுநர் அவற்றை எடுத்து, உலர்ந்து முறியும் சுருளுக்கு ஈரம் ஊட்டி, ஒட்டிக்கொண்டவற்றைப் பிரித்து, ஓரத் துளைகளைக் கையாலே சீர்செய்தனர். ஏறக்குறைய ஆயிரம் மணி நேர வேலை. ‘பதேர் பாஞ்சாலி’யில் நூற்றுக்கு நாற்பதும், இரண்டாம் படமாகிய ‘அபராஜிதோ’வில் அறுபதுக்கு மேலும் எரிந்த மூலத்திலிருந்தே மீட்கப்பட்டன, மூன்றாவது மூலம் மீளவில்லை. குறைந்தவற்றைப் பல நாட்டுக் காப்பகங்களிலிருந்த பிரதிகளோடு ஒப்பிட்டு நிரப்பினர். ஏட்டுப் பதிப்பிலே பாடபேதம் பார்க்கும் முறை வேறென்ன? 2015 இல் மீண்டும் திரைக்கு வந்த அப்படிவத்தையே இன்று நாம் வீட்டிலிருந்து பார்க்கலாம்.

நம் நாட்டுக்கு வருவோம். முதற் சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொறொந்துவ’ 1947 சனவரியில் கொழும்பிலே திரையிடப்பட்டது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம்பிடித்த இடம் மதுரை. தென்னிந்திய வாய்ப்பாட்டிலேயே சிங்களப் படங்கள் சில காலம் வந்துகொண்டிருந்தன. அவ்வாய்ப்பாட்டை முறித்துக் கமராவை வெளியிலே, கிராமத்துக்குக் கொண்டுசென்றவர் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ். 1956 இல் வந்த அவருடைய ‘ரேகாவ’, தொட்டு நோய் தீர்க்கும் ஆற்றலுண்டென்று ஊரார் நம்பிய ஒரு சிறுவனைப் பற்றியது. மறு ஆண்டு கான் விழாவிலே போட்டிக்கு நின்றது. உள்ளூரிலே பணம் ஈட்டவில்லை. 1972 இல் அவர் எடுத்த ‘நிதானய’ கடன்பட்ட ஒரு பிரபுவின் கதை. புதையலுக்குப் பலியிடத் தக்க அங்க அடையாளமுள்ள பெண்ணை அவன் தேடிக் கண்டு மணம் புரிகிறான். வெனிஸ் விழாவிலே பரிசு பெற்ற அப்படம் 2013 இல் மீட்டமைக்கப்பட்டது. சிங்களம் அறியாதவர்கூட எழுத்து வரிகளின் துணையோடு ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

தமிழின் கணக்கு வருந்தத்தக்கது. 1931 இல் வெளிவந்த முதற் பேசும் படம் ‘காளிதாஸ்’ இன்று எங்கும் கிடைப்பதாகத் தெரியவில்லை; அதற்கு முற்பட்ட ‘கீசக வதம்’ என்னும் மௌனப் படமும் அவ்வாறே. இலங்கையிலே தமிழ்ப் படம் எடுக்கும் முயற்சி 1962 இல் ‘சமுதாயம்’ என்னும் படத்தோடு தொடங்கியது. 1983 யூலைக் கலவரத்திலே ஹெந்தளையிலிருந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் தீயிடப்பட்டபோது, அங்கிருந்த சுருள்களும் எரிந்தன. எஞ்சியவற்றுள் 1977 இல் வெளிவந்த ‘பொன்மணி’ கருதத்தக்கது. யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் பேசும் அப்படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் காவலூர் இராஜதுரை. நெறியாண்டவர் யாழ்ப்பாண வளாகத்திலே கற்பித்த சிங்களவரான தர்மசேன பத்திராஜ. அது வந்த காலத்திலே நம்மவர் திரளாய்ச் சென்று ஆதரிக்கவில்லை. சந்தாச் சேவையின் நிரலில் அதைத் தேடிப் பயனில்லை. இணையத்தின் பிற இடங்களிலே தேடுதல் வேண்டும்.

தீயொன்றே அழிவன்று. இச்சேவைகள் ஒரு படத்தைக் குறித்த காலத்துக்கே உரிமை பெற்றுக் காட்டுகின்றன. தவணை முடிந்தால் அது நிரலிலிருந்து நீங்கிவிடும். பார்ப்பார் தொகையே அடுத்த தவணையைத் தீர்மானிப்பதாதலால், பழைய படம் ஒன்றை நாம் பார்ப்பதும் பாராது விடுவதும் அதன் ஆயுளோடு தொடர்புடைய செயலாகின்றன.

எதிலிருந்து தொடங்கலாம் என்பார்க்கு: சிறுவர் உள்ள வீட்டிலே ‘சைக்கிள் திருடர்கள்’ முதலிலே பார்க்கத்தக்கது, ஒன்றரை மணி நேரமே ஓடும். அதன்பின் ‘பதேர் பாஞ்சாலி’, அதன்பின் ‘ரேகாவ’ என்று போனால் ஒன்றுக்கொன்று உறவு தெரியும். ‘யோன்’ படத்தைப் பிள்ளைகள் உறங்கியபின், விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க. பிற்காலத்தார் அமைத்த இசை அதனோடு சேர்ந்து வரும். முதன்முறை பார்க்கும்போதாவது ஒலியை நிறுத்தி வைத்துக்கொள்க.