ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை: கிங்ஸ் சர்க்கிள் வட்டாரம்

70 வயது நிறைந்த எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் கட்டணமின்றிச் சிகிச்சை பெற மத்திய அரசு வழங்கும் அட்டை இது. ஏழைக் குடும்பங்களுக்காக 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கப்பட்ட பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தின் (ஆயுஷ்மான் பாரத்) விரிவாக்கமாக, 2024 செப்டம்பர் 11 அன்று மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று பிரதமர் நரேந்திர மோடி டெல்லியில் தொடங்கிவைத்தார். நாடு முழுவதும் ஏறத்தாழ 4.5 கோடிக் குடும்பங்களைச் சேர்ந்த 6 கோடி முதியோருக்குப் பயன்படும் என்பது அரசின் அன்றைய கணக்கு.

கிங்ஸ் சர்க்கிளில் இந்தத் திட்டத்துக்குத் தனிப் பொருள் உண்டு. மும்பையின் மாட்டுங்கா கிழக்கில், மகேஷ்வரி உத்யான் என்று பெயர் மாறிய பிறகும் பழைய பெயரிலேயே அழைக்கப்படும் அந்த வட்டத்தைச் சுற்றித்தான் கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் குமாஸ்தாக்களாகவும் டைப்பிஸ்டுகளாகவும் வந்த தமிழர்கள் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவியவர்களும் சண்முகானந்தா அரங்கை எழுப்பியவர்களும் இந்த மண்ணின் மனிதர்கள்தான். மத்திய ரயில் பாதைக்கு மேற்கே கொஞ்ச தூரம் போனால் தாராவி. அங்கே தோல் பதனிடவும் கூலி வேலை செய்யவும் நெல்லைச் சீமையிலிருந்து வந்த தமிழர்களின் தலைமுறைகள் வாழ்கின்றன. இரண்டு வட்டாரங்களுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். ஆனால் அரசு மருத்துவ உதவியில் 2024 வரை இரு வட்டாரத்தாரும் ஒரே வாசல் வழியாக நுழைந்ததில்லை.

அதற்குக் காரணம் பட்டியல். ஆயுஷ்மான் பாரத் முதலில் 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்தே பயனாளிகளைத் தேர்ந்தது. நகரங்களில் வீட்டு வேலை, தெருவோர வியாபாரம், துப்புரவு, கட்டட வேலை போன்ற 11 தொழில் பிரிவினருக்கே இடம். தாராவியில் தகுதியுள்ளவர்களிலேயே பெயர் விடுபட்டவர்கள் உண்டு. மாட்டுங்காவில் பகடி (முன்பணம் கொடுத்துக் குடியேறும் பழைய முறை) வாடகை வீட்டில், தனியார் கம்பெனியின் சொற்ப ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் கிழவருக்கோ அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. வெளியே பாலிசி வாங்கலாமென்றால், 65 வயதுக்கு மேல் புதிதாகக் கேட்பவரைக் காப்பீட்டு நிறுவனங்கள் வாசலிலேயே நிறுத்தின. அந்த வயது வரம்பு 2024 ஏப்ரலில்தான் நீங்கியது. பிரீமியம் மட்டும் எட்டாத உயரத்திலேயே நிற்கிறது. இப்போது வயது ஒன்றே தகுதி என்றானதில் இரண்டு வட்டாரத்துக் கிழவர்களும் ஒரே வரிசைக்கு வந்திருக்கிறார்கள்.

பதிவு செய்யும் முறை

கேட்கப்படும் ஒரே ஆவணம் ஆதார். வருமானச் சான்றோ ரேஷன் கார்டோ தேவையில்லை. ஆயுஷ்மான் செயலியிலோ தேசிய சுகாதார ஆணையத்தின் பயனாளி இணையதளத்திலோ ஆதார் எண்ணைக் கொடுத்து, ஓடிபி, கைரேகை, கருவிழி, முகம் இவற்றில் ஒன்றால் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும். வேறு அரசு மருத்துவத் திட்டத்தில் இருக்கிறாரா இல்லையா என்பது பற்றிய உறுதிமொழி, ஒரு புகைப்படம், குடும்ப விவரம், அவ்வளவுதான். அட்டையைத் தரவிறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். செயலி கைவராதவர்கள் பொதுச் சேவை மையத்துக்கோ, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையின் உதவி மேசைக்கோ போகலாம். உதவித் தொலைபேசி எண் 14555.

காகிதத்தில் எளிது. சிக்கல் முழுவதும் ஆதாருக்குள்தான் இருக்கிறது. எப்போதோ கொடுத்த செல்போன் எண் காலாவதியாகியிருக்கும். அல்லது அது மகனுடைய எண்ணாக இருக்கும். பெரியவர் மாட்டுங்காவில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, ஓடிபி பெங்களூரில் மீட்டிங்கில் இருக்கும் மகனுக்குப் போகும். தாராவியில் வேறு பிரச்சினை. தோலும் சுண்ணாம்பும் கையாண்டு தேய்ந்த விரல்களின் ரேகை கருவிக்குப் பிடிபடாது. முகத்தைக் காட்டி உறுதிசெய்யும் வசதி வந்தது இவர்களுக்குப் பெரிய ஆறுதல். இதைக் கேட்டு வாங்க வேண்டும். சில இடங்களில் கைரேகை விழவில்லை என்றதும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி இனிஷியல். மராட்டிய வழக்கம் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றையும் கேட்கும். ரேஷன் கார்டில் ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகியிருக்கும், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முன்னுக்கு வந்திருக்கும், ஆதாரில் வெறும் இனிஷியல் நிற்கும். வய வந்தனா ஆதாரை மட்டுமே பார்ப்பதால் பதிவின்போது இந்த வேறுபாடு அதிகம் உறுத்தாது. ரேஷன் கார்டைப் பார்க்கும் மாநிலத் திட்டத்தில் உறுத்தும்.

மாநிலத் திட்டம்

மகாராஷ்டிரத்தில் 2012 ஜூலையில் மும்பை உள்ளிட்ட 8 மாவட்டங்களில் தொடங்கிய ராஜீவ் காந்தி ஜீவன்தாயி திட்டம், 2017இல் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்ய யோஜனா ஆனது. 2023 ஜூனில் மாநில அமைச்சரவை இதன் வரம்பை ஒன்றரை லட்சத்திலிருந்து 5 லட்சமாக்கவும், மஞ்சள், கேசரி அட்டைகளோடு வெள்ளை ரேஷன் கார்டு வைத்திருப்பவர்களையும் சேர்க்கவும் முடிவெடுத்தது. கணவருக்கு 72, மனைவிக்கு 67 என்ற வீடுகளில் இது முக்கியம். கணவருக்கு வய வந்தனா, மனைவிக்கு 70 ஆகும்வரை ரேஷன் கார்டு வழியாக மாநிலத் திட்டம். இருவருக்கும் 70 கடந்துவிட்டால் தனித்தனி அட்டை உண்டு. ஆனால் 5 லட்சத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். குடும்பம் ஏற்கெனவே ஆயுஷ்மான் பாரத்தில் இருந்தால், முதியோருக்கு மட்டும் கூடுதலாக 5 லட்சம் சேரும்.

ஊருக்கும் மும்பைக்குமாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: வய வந்தனா அட்டை மத்தியத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், எந்த மாநிலமானாலும், செல்லும். மகனோடு மும்பையிலிருப்பவர் கோடையில் திருநெல்வேலிக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்தாலும் அதே அட்டைதான்.

எப்போது பதிவது

அமெரிக்காவில் 1965இல் சட்டமான, முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 65ஆம் பிறந்த நாளை ஒட்டிய 7 மாதங்களுக்குள் பதிய வேண்டும். காரணமின்றித் தவறினால் மருத்துவர் செலவுக்கான பகுதியின் மாதக் கட்டணத்தோடு அபராதம் சேரும். இங்கே கெடுவும் இல்லை, பிரீமியமும் இல்லை. காத்திருப்புக் காலம் கிடையாது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இருதய நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே செல்லும். அதனாலேயே "படுத்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆதாரில் பிறந்த ஆண்டைத் திருத்தவோ எண்ணை மாற்றவோ நாளாகும் என்பது அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில்தான் தெரியவரும். 70 நெருங்கும்போதே ஆதாரைச் சரிபார்த்து வைப்பதுதான் உண்மையான பதிவு. மற்றதெல்லாம் அரை மணி நேர வேலை.

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான சிஜிஎச்எஸ், முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் ஆகியவற்றில் இருப்பவர்கள் அதையோ வய வந்தனாவையோ ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். சிஜிஎச்எஸில் வெளிநோயாளி மருத்துவமும் மாத்திரைகளும் கிடைக்கும் என்பதால், அதை விட்டுவிட்டு இங்கே வருவது பெரும்பாலோருக்கு நட்டமே. தனியார் பாலிசியோ இஎஸ்ஐயோ இருந்தால் தடையில்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவமனையில்

கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகிலுள்ள பெரிய அரசு இடம் சயான் ஆஸ்பத்திரி எனப்படும் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை. பரேலில் கேஇஎம்மும் டாடா நினைவு மருத்துவமனையும் உள்ளன. அட்டையோடு போனதும் தேட வேண்டியது திட்ட உதவியாளரான ஆரோக்யமித்ராவின் மேசையை. சிகிச்சைக்கு முன்அனுமதி வாங்குவது அவர் வேலை. சேர்வதற்கு முந்தைய 3 நாள் பரிசோதனைச் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தும் இதில் அடங்கும். பேர்பெற்ற தனியார் மருத்துவமனைகள் பல பட்டியலில் இல்லை. அரசு நிர்ணயித்த கட்டணம் தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது அவற்றின் வாதம். மாட்டுங்காக்காரர்கள் இதில்தான் ஏமாற்றம் அடைகிறார்கள்: வழக்கமாகப் போகும் மருத்துவமனையில் அட்டை செல்லாது, அட்டை செல்லும் இடத்தில் கூட்டம் தாங்காது.

மருத்துவமனையில் சேராமல் பார்க்கும் வைத்தியத்துக்கு இந்த அட்டை உதவாது. மாதாமாதம் வாங்கும் ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரைப் பரிசோதனை, கண்ணாடி, பல்செட் எதற்கும் பணம் வராது. கண்புரை அறுவைக்கு வரும். மாத்திரைச் செலவுக்கு மக்கள் மருந்தகமும், மாநகராட்சி 2022இல் தொடங்கிய ஆப்லா தவாகானா சிறு மருத்துவமனைகளுமே வழி. அவற்றுக்கு அட்டையும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.