நீண்ட நிழல்: ஹார்லெம் தெருக்களில் ராய் டிகராவாவின் கேமரா



தெருவில் படம் எடுக்கிறவர்களிடம் நல்ல நேரம் எது என்று கேளுங்கள். வெயில் சாய்ந்திருக்கும் காலையும் மாலையும் என்பார்கள். உச்சி வெயிலில் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். வெயில் சாயும்போதுதான் ஆளைவிட நீளமாக நிழல் விழும். வெறும் சுவரும் சாலையும்கூடப் படமாகும்.

இதே மணிக்கணக்கை நாம் வேறோர் இடத்தில் படித்திருக்கிறோம். மராட்டியர், பேஷ்வாக்கள் ஆண்ட புனே நகரத்தில் பிற்பகல் 3 மணிக்குப் பின்பும் காலை 9 மணிக்கு முன்பும் மகர்களும் மாங்குகளும் நகர வாயிலுக்குள் இருக்கக் கூடாது என்று விதி இருந்ததைச் சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே எழுதியிருக்கிறார். அந்நேரங்களில் அவர்களுடைய நிழல் நீண்டு விழும். அது பிராமணர்மேல் பட்டால் தீட்டு. நம் பக்கத்துக் கதையும் குறைந்ததல்ல. திருநெல்வேலிச் சீமையில் புதிரை வண்ணார் கண்ணில் படுவதே தீட்டு என்று, அவர்கள் பகலை விட்டு இரவில் மட்டும் நடமாட நேர்ந்தது 1930களின் தொடக்கத்திலும் பதிவாகியிருக்கிறது.

நிழல் எவ்வளவு நீளம் விழலாம், யார் எந்த வெளிச்சத்தில் நடக்கலாம் என்பதை விதியாக வைத்திருந்த சமூகம் இது. எனவே ஒரு நகரத்தின் ஒளியும் நிழலும் நமக்கு வெறும் அழகியல் சங்கதியாக இருக்க முடியாது. நிழலுக்கு ஒரு சமூக வரலாறு உண்டு. அதைக் கேமராவாலேயே சொன்ன ஒரு கறுப்பினக் கலைஞரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் ராய் டிகராவா. ஊர், நியூயார்க் நகரத்தின் ஹார்லெம்.

அவருக்கு முன்னால் அந்த நகரத்தின் ஏழைகளை யார், எப்படிப் படம் எடுத்தார்கள் என்று பார்த்துவிடுவோம். டென்மார்க்கிலிருந்து குடியேறிய ஜேக்கப் ரீஸ் என்ற நிருபர் 1887இல் மெக்னீசியம் பொடியைக் கொளுத்தி எழும்பும் வெளிச்சத்தைக் கொண்டு, ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குக் குடியிருப்புகளை இரவில் படம் எடுக்கத் தொடங்கினார். 1890இல் 'ஹவ் தி அதர் ஹாஃப் லிவ்ஸ்' என்ற அவருடைய நூல் வந்தது. அந்தப் பொடியால் அவர் இரண்டு முறை வீட்டுக்கே தீ வைத்துவிட்டார். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, கூசும் கண்களோடு திகைத்துப் பார்க்கும் முகங்கள் அந்தப் படங்களில் இருக்கின்றன. அவற்றால் பயன் இல்லாமல் போகவில்லை. ஜன்னலும் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று நியூயார்க் 1901இல் கொண்டுவந்த குடியிருப்புச் சட்டத்துக்குப் பின்னால் ரீஸின் உழைப்பும் உண்டு. ஆனால் கதவைத் தட்டி அனுமதி கேட்காத வெளிச்சம் அது. படத்தில் இருப்பவர் அங்கே ஒரு சாட்சியம். அவர் பெயர் என்ன, மாலையில் என்ன பாட்டுப் பாடுவார் என்று யாரும் கேட்கவில்லை.

டிகராவா 1919இல் ஹார்லெமில் பிறந்தவர். ஜமைக்காவிலிருந்து வந்த தாய் அவரைத் தனியாக வளர்த்தார். கூப்பர் யூனியனில் ஓவியம் படிக்கப் போனார். அங்கிருந்த இனவெறியைத் தாங்க முடியாமல் இரண்டாண்டில் வெளியேறி, ஹார்லெம் சமூகக் கலை மையத்தில் கற்றார். ஓவியத்துக்குக் குறிப்பெடுக்கத்தான் கேமராவைத் தூக்கினார். 1940களின் இறுதியில் கேமராவே அவருடைய கருவியாயிற்று. வயிற்றுப்பாட்டுக்கு விளம்பரப் படம் வரைந்துகொண்டே தெருவில் படம் எடுத்தார்.

அவர் ஃபிளாஷ் பயன்படுத்தவில்லை. இருக்கிற வெளிச்சம் எவ்வளவோ அவ்வளவே போதும் என்பது அவருடைய முறை. இதன் நுட்பத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். இருட்டான நடையைக் காட்டினால், வெளிச்சம் போதாது, கூட்டு என்று சொல்லும். அதன்படி எடுத்தால் இருட்டு வெளிறிப் பகல்போலத் தெரியும். டிகராவா இருட்டை இருட்டாகவே அச்சிட்டார். கறுப்புக்கும் கருஞ்சாம்பலுக்கும் இடையே எத்தனையோ படிகளை இருட்டறையில் உழைத்து வரவழைத்தார். முதல் பார்வைக்கு அவருடைய படத்தில் ஒன்றும் தெரியாது. வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தவர் கண் பழகக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தால், ஒரு தோள் தெரியும். பிறகு ஒரு முகம் தெரியும்.

1953இல் அவர் எடுத்த 'ஹால்வே' படத்தில் மனிதர்களே இல்லை. ஒடுங்கிய நடை, மங்கிய விளக்கு, நெருக்கும் சுவர்கள். தான் வளர்ந்த வீடுகளின் நடைகள் அவை, ஏழைகளுக்கென்றே கட்டப்பட்டவை என்று பின்னாளில் சொன்னார். அந்த இருட்டு இயற்கை தந்ததல்ல. எத்தனை அடி அகலம் விடுவது, எத்தனை விளக்குப் போடுவது என்று வாடகை வாங்குகிறவர் முடிவு செய்த இருட்டு அது.

1949இல் எடுத்த 'கிராஜுவேஷன்' படத்தில் நீண்ட வெள்ளை உடை அணிந்த ஓர் இளம்பெண் தனியே நடந்து போகிறாள். பட்டமளிப்பு நாள். சுற்றிலும் குப்பை, காலிமனை, ஒரு கார் விளம்பரம். வெயில் துண்டாக விழுந்த இடத்தில் அவள் நிற்கிறாள்; அடுத்த அடி நிழலுக்குள் விழப் போகிறது. அவளைப் பார்த்து இரக்கப்பட ஒன்றுமில்லை. உடையை மண்ணில் படாமல் காத்து நடக்கும் கவனத்தில் ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு தெரிகிறது. 1952இன் 'சன் அண்ட் ஷேட்' படத்தில் இரண்டு சிறுவர்கள் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடுகிறார்கள். ஒருவன் வெயிலில், மற்றவன் நிழலில். நடுவே தரையில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. பிரிக்கப்பட்ட ஒரு நாட்டைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

1952இல் அவருக்குக் குகன்ஹைம் நல்கை கிடைத்தது. அதைப் பெற்ற முதல் கறுப்பின ஒளிப்படக் கலைஞர் அவர். விண்ணப்பத்தில் அவர் சொன்ன ஒரு கருத்து சமூகவியல் படித்த எங்களைப் போன்றவர்களுக்கு உறைக்க வேண்டும். ஆவணமோ சமூகவியல் அறிக்கையோ தனக்கு வேண்டாம். தன் மக்களைப் பற்றிய படைப்பையே செய்ய விரும்புகிறேன் என்றார். ஒடுக்கப்பட்டவரின் படைப்பை ஆவணம் என்று பாராட்டிக் கலைக்கு வெளியே உட்காரவைக்கும் பழக்கம் நமக்கும் தெரியும். தலித் தன்வரலாறுகள் வந்தபோது, தகவல் இருக்கிறது, இலக்கியம் எங்கே என்று கேட்டவர்களை நாம் மறந்துவிடவில்லை.

1955இல் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்தோடு 'தி ஸ்வீட் ஃபிளைபேப்பர் ஆஃப் லைஃப்' என்ற சிறு நூலாக அந்தப் படங்கள் வந்தன. ஹியூஸ் படைத்த மேரி பிராட்லி என்ற பாட்டி கதை சொல்கிறாள். வீட்டுக்கு வா என்று கடவுளிடமிருந்து தந்தி வருகிறது. பேரப்பிள்ளைகளை விட்டு இப்போது வர முடியாது என்று கையெழுத்துப் போட மறுக்கிறாள். வறுமை படத்தில் இருக்கிறது. அதோடு சமையலறையும் நடனமும் சண்டையும் கொஞ்சலும் இருக்கின்றன.

1963இல் கறுப்பின ஒளிப்படக் கலைஞர்கள் நியூயார்க்கில் கமொயிங்கே என்ற குழுவைத் தொடங்கியபோது டிகராவா அதன் முதல் இயக்குநரானார். கூடிச் செயல்படும் மக்கள் என்று பொருள்படும் கிக்குயு மொழிச் சொல் அது. 1969இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹார்லெமைப் பற்றிப் பெரிய கண்காட்சி வைத்தது. ஹார்லெமின் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் அதில் இடம் தரவில்லை. கறுப்பினக் கலைஞர்கள் வாசலில் மறியல் செய்தார்கள். டிகராவா பங்கேற்க மறுத்தார். எங்களைக் காட்டுவீர்கள், எங்கள் கலையைக் காட்ட மாட்டீர்களா என்பதுதான் கேள்வி.

1913 முதல் 1916 வரை பாபாசாகேப் அம்பேத்கர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமை ஒட்டிய மேட்டில்தான் இருக்கிறது. இரண்டு மக்களின் நிலையும் ஒத்திருப்பதை 1946இல் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சுட்டிக்காட்டினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அங்கிருந்துதான் பெயரை எடுத்துக்கொண்டார்கள். டிகராவாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

சேரிக்குள் கேமரா எப்போது வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். குடிசை எரிந்த மறுநாள் வரும். மலக்குழியிலிருந்து உடலைத் தூக்கும்போது வரும். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகுதான் அந்த ஊரை நாடு பார்த்தது. அந்தப் படங்கள் வேண்டும். அவை இல்லாவிட்டால் நடந்ததையே இல்லை என்பார்கள். ஆனால் நூறாண்டு கழித்து ஒருவர் நம்மைத் தேடினால் பிணமும் அழும் தாயும் மட்டுமே கிடைக்கலாமா? மலக்குழி மரணங்களைப் பதிவுசெய்த ஒளிப்படக் கலைஞர் எம். பழனிக்குமார், உழைக்கும் மக்களின் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்பித்தும் வருகிறார். அந்த வேலை பரவ வேண்டும்.

இந்த அமைப்புக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் வீடுகளின் டிரங்குப் பெட்டிகளிலும் சுவர்ச் சட்டங்களிலும் படங்கள் இருக்கின்றன. ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம், முதல் பட்டம் வாங்கிய அக்கா, இரவல் சட்டை போட்டு நிற்கும் தாத்தா. செல்லரித்துப் போவதற்குள் அவற்றைச் சேகரிப்போம். படத்தில் இருப்பவர் யார், எந்தத் தெரு, எந்த வருடம், எடுத்தவர் யார் என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம். அடுத்த ஆண்டு நினைவு நாளில் அவற்றில் பத்துப் படங்களையாவது இந்த அரங்கின் சுவரில் மாட்ட முடிந்தால் நல்லது.

 ஜெய்பீம்.